குரலில் வலி இல்லை

பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார் என்கிறது பழமொழி. எந்தப் பூமி, எவ்வளவு சதுர அடி, எப்போது கைக்கு வரும் என்ற விவரங்களைப் பழமொழி சொல்வதில்லை. அவளுக்கு ‘பொறுமை’ என்று பட்டப்பெயர் வைத்த லிஃப்ட் மெக்கானிக்குகளும் அதையெல்லாம் யோசித்து வைக்கவில்லை. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும், எதிர்முனையில் எவன் என்ன கத்தினாலும், அவள் குரல் மட்டும் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்கும். அதனால் வைத்தார்கள்.

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் புகார் அறையில் அவளுக்கு வேலை. ஜன்னல் கிடையாது. இரண்டு மேசை, இரண்டு ஹெட்செட், கழுத்து ஒடிந்து ஒரே பக்கம் பார்க்கும் மின்விசிறி ஒன்று. காற்று வேண்டுமென்றால் நாற்காலியை நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான். நகரத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே இருப்பவர் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அடிப்பார். அது இவள் காதில் வந்து விழும்.

“மேடம், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்.”

“பயப்படாதீங்க சார். உள்ள எத்தனை பேரு?”

“நானும் எங்க மேனேஜரும்.”

“ரெண்டு பேரு மாட்டிக்கிட்டீங்களா?”

“மாட்டிக்கிட்டது நான் மட்டும்தான் மேடம். அவர் சந்தோஷமா மீட்டிங் நடத்திக்கிட்டு இருக்காரு.”

இதற்கும் அவள் சிரிக்கமாட்டாள். “இதோ ஆள் கிளம்பியாச்சு சார்” என்பாள்.

சேர்ந்த முதல் வாரம் மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். “வார்த்தையக் கேக்காதம்மா, குரலக் கேளு. நடுங்குற குரலுக்கு உடனே ஆள் அனுப்பு. நிதானமா பேசுறவன் இன்னும் கொஞ்சம் தாங்குவான்.” பாடம் நல்ல பாடம். மெக்கானிக்குகள் குறைவு, லிஃப்ட்டுகள் அதிகம், யாரையாவது காக்க வைத்துத்தான் ஆக வேண்டும். அவள் நிதானமானவர்களைக் காக்க வைத்தாள். சும்மா அடித்துப் பார்த்தவர்கள், மெக்கானிக் போய்ச் சேரும் முன்பே தானாக வெளியே வந்துவிட்டவர்கள் ஆகியோருக்குக் கணினித் திரையில் ஒரு கட்டம் இருந்தது: ‘பொய் அழைப்பு.’ அதில் ஒரு தட்டு தட்டினால் அந்த மனிதர் கணக்கு முடிந்தது. அவர்கள் பொய்யர்கள் என்று பதிவானது அவர்களுக்கே தெரியாது.

இந்தக் குரல் அவளுக்குக் கம்பெனி கொடுத்ததல்ல. அவளுடைய அப்பாவுக்கு இரவு ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். ஒரே அறை வீட்டில் அவள் கற்ற முதல் வாக்கியம் “சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு” என்பதுதான். சிறுமியாக இருக்கும்போது ஒருமுறை சுடுதண்ணீர் காலில் கொட்டியது. அம்மாவிடம் நடந்து போய், முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக “அம்மா, கால் வெந்துடுச்சு” என்றாளாம். அம்மா இறக்கும் வரை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. பெருமை யாருடையது என்று அது சொல்வதில்லை.

இப்படி வளர்ந்தவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு மாமியார் இருந்தாள். அந்த அத்தைக்கு உலகமே ஒரு அவசரப் பிரிவு. பால் பொங்கினால் கத்துவாள். பல்லி விழுந்தால் கத்துவாள். கரண்டி கை நழுவினால் அவள் போடும் சத்தத்தில் மேல்வீட்டு டீச்சர் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று, “என்னக்கா, யாருக்கு என்ன?” என்பாள். “கரண்டி விழுந்துடுச்சுடி!” என்று பதில் போகும். டீச்சர் மீண்டும் ஏறிப் போவாள். சில மாதங்களில் இறங்குவதையே விட்டுவிட்டாள்.

இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் கணவன். அவன் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை செய்தான். லாரி மேடையில் ஏறியதும் எண் ஆடும். ஆட்டம் அடங்கும் வரை எழுதக்கூடாது. பழைய முள் தராசைக் கழற்றிவிட்டுத் திரை வைத்துப் பல வருஷம் ஆகியும், அவன் வாயில் இன்னும் முள்தான். எதைக் கேட்டாலும் “முள்ளு நிக்கட்டும்” என்பான். சட்டை எடுக்கப் போனாலும் முள் நிற்க வேண்டும். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னான். பிள்ளை வரப்போகிறது என்று ஒரு பழைய கார் வாங்கினான். அதற்கு மட்டும் முள் சீக்கிரம் நின்றுவிட்டது.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒருநாள் மத்தியானம் அவளுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. சொல்லவே வேண்டாமென்றுதான் இருந்தாள். கூடத்தைக் கடக்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதை அத்தை பார்த்துவிட்டாள்.

“ஐயோ! வலி எடுத்துடுச்சு! டேய், வண்டிய எடுடா!”

வண்டி எடுக்கப்பட்டது. பை, போர்வை, பிளாஸ்க் எல்லாம் ஏறின. பிரசவ வார்டில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்த நர்ஸ் ஒருத்தி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். காத்திருக்கச் சொன்னாள். பிறகு வந்து, “இது பொய் வலிம்மா. வீட்டுக்குப் போங்க” என்றாள்.

“பொய்யா?”

“நிஜ வலி வந்தா உங்களுக்கே தெரியும்.”

“எப்படி சிஸ்டர் தெரியும்?”

“தெரியும்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

திரும்பும் வழியெல்லாம் அத்தை பொரிந்து தள்ளினாள். “பொய்யாம், பொய்! வலிக்கு என்ன நாக்கா இருக்கு, பொய் சொல்ல?”

பின் இருக்கையில் இருந்தவள் பிளாஸ்க்கை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றுவிட்டது. ‘பொய் அழைப்பு’ என்று அவள் தட்டிய தட்டுகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. இன்னொரு முறை இப்படி வந்து நின்று, பையையும் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு திரும்பக்கூடாது என்று முடிவு செய்தாள். அடுத்த தடவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் போக வேண்டும். யோசித்துப் பார்த்தால், அவள் வாழ்நாளில் எடுத்த முதல் பிடிவாதமான முடிவு அது.

பத்து நாள் கழித்து, ஒரு காலை, வலி மறுபடியும் வந்தது. விட்டுவிட்டு வந்தது. அத்தை வழக்கம்போல் “கிளம்புங்க!” என்றாள். கணவன் வழக்கம்போல் அம்மாவை ஒரு பார்வையும் மனைவியை ஒரு பார்வையும் பார்த்தான். மனைவி ஃபோனை எடுத்து, பிரசவ வார்டுக்கு அடித்தாள்.

“வணக்கம் சிஸ்டர். எனக்கு முதல் பிரசவம். காலையிலேருந்து வலி விட்டு விட்டு வருது. தண்ணி உடையல. ரத்தப்போக்கு இல்ல. குழந்தை அசையுது.”

‘அசையுது’ என்ற சொல்லின் நடுவில் ஒரு வலி வந்தது. இடுப்பைச் சுற்றி யாரோ கயிற்றைப் போட்டு முறுக்கியது போல் இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. குரலில் ஒரு சுருக்கமும் விழவில்லை. புகார் அறையில் எத்தனை பேர் காதுக்குள் அழுதிருப்பார்கள்; அதையெல்லாம் தாங்கிப் பழகிய குரல் அது.

எதிர்முனை கொஞ்சம் கேட்டுவிட்டு, “இவ்வளவு தெளிவா பேசுறீங்களேம்மா! இன்னும் நேரம் இருக்கு” என்றது. “வலி வரும்போது உங்களால பேச முடியாமப் போகும். அப்ப கிளம்பி வாங்க. அதுக்கு முன்னாடி வந்தா இங்க சும்மாதான் படுத்திருக்கணும்.”

“பேச முடியாமப் போகும்போது.”

“ஆமாம்மா.”

“சரி சிஸ்டர். அழைத்ததற்கு நன்றி. இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.”

கம்பெனி வாக்கியம், பழக்கத்தில் வந்துவிட்டது. அழைத்ததே இவள்தான். நர்ஸ் சிரித்து, “உங்களுக்கும்மா” என்று வைத்தாள்.

அந்த நர்ஸ் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அந்த அளவுகோல் சரியாகத்தான் இருக்கும். பேச்சையே தொழிலாகக் கொண்டவள் ஒருத்தி அதைக் கையில் வாங்குவாள் என்று யார் நினைத்திருக்கப் போகிறார்கள்? அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வலி வரும்போதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு தன்னைத் தானே சோதித்தாள்.

“வணக்கம். லிஃப்ட் பராமரிப்பு மையம். நீங்க எங்க மாட்டியிருக்கீங்கன்னு சொல்லுங்க.”

சொல்ல முடிந்தது. அடுத்த வலிக்கும் முடிந்தது. வெளியே கணவன் கதவைத் தட்டினான்.

“யாரு ஃபோன்ல?”

“யாரும் இல்லங்க. பேச முடியுதான்னு பாக்கறேன்.”

“முடியுதா?”

“முடியுது.”

“அப்ப சரி. முள்ளு நிக்கட்டும்.”

மத்தியானம் வலியின் சுபாவம் மாறியது. அதுவரை விருந்தாளி மாதிரி வந்து போனது, இப்போது பெட்டியைப் பிரித்து வைத்துத் தங்கிவிட்டது. இடைவெளியே இல்லை. வயிற்றுக்குள் குழந்தையும் அசைவை நிறுத்திக்கொண்டது. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். சத்தம் போடாத பிள்ளை, தாயைப்போலவே என்று உள்ளூர ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

அத்தை வந்து, கேட்காமலே, வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“ஏண்டா, கல்லு மாதிரி இருக்குடா. தளரவே மாட்டேங்குது. இது சரியில்ல. கிளம்புங்கன்னா கிளம்புங்க!”

“அம்மா, அன்னிக்கும் நீ இப்படித்தான் கத்தின.”

“அன்னிக்குக் கத்துனா இன்னிக்குக் கத்தக்கூடாதுன்னு சட்டமா?”

“பேச முடியாமப் போனா வாங்கன்னு நர்ஸு சொல்லியிருக்காங்க. இவ பேசிட்டுத்தானே இருக்கா.”

“இவ செத்தாலும் பேசிட்டுத்தான்டா சாவா!”

சொல்லிவிட்டு அத்தையே வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனாலும் கேட்டது முகத்தை அல்ல, வாயைத்தான்.

“என்ன சொல்ற? போலாமா?”

“கொஞ்சம் பாக்கலாங்க. மறுபடியும் திருப்பி அனுப்பினா அசிங்கம்.”

மூன்று பேர் இருந்த அந்தக் கூடத்தில் சரியாகச் சொன்னவளை யாரும் நம்பவில்லை. நம்பப்பட்டவளுக்குச் சரி எதுவென்று தெரியவில்லை. அத்தை மறுபடியும் கத்தினாள். மேல்வீட்டில் டீச்சர் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். கரண்டியாக இருக்கும்.

பாவாடையில் ரத்தம் தெரிந்த பிறகுதான் கிளம்பினார்கள். பையை மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அவன் ஹாரனை அழுத்தினான். ஒவ்வொரு சிக்னலிலும் அவள், “மெதுவாவே போங்க, பரவால்ல” என்றாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மேல்மாடியில். சக்கர நாற்காலியை லிஃப்ட்டுக்குள் தள்ளினார்கள். அது அவள் கம்பெனி லிஃப்ட். கண்ணெதிரே, பொத்தான்களுக்குக் கீழே அந்த ஸ்டிக்கர்: ‘அவசரத்துக்கு அழைக்கவும்.’ அவள் மேசைக்கு வரும் எண். அழைத்தால் இந்நேரம் பக்கத்து மேசைக்காரி எடுப்பாள், குரலைக் கேட்பாள், இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று முடிவு செய்வாள். லிஃப்ட் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மேலே போய் நின்றது. அன்று ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அப்புறம் எல்லாரும் ஓடினார்கள். குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் இங்கே வைத்தார்கள், அங்கே வைத்தார்கள், இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் வைத்துக் கேட்கச் சொன்னார்கள். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எதிர்முனையில் யாராவது பேசுவார்களா என்று காத்திருக்கும் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எதிர்முனையில் யாரும் இல்லை என்பது அவளுக்கு மற்றவர்கள் சொல்லும் முன்பே புரிந்துவிட்டது.

பெண் குழந்தை. கத்தவில்லை.

வெளியே வராந்தாவில் அத்தை கத்தினாள். மூன்று மாடிக்கும் கேட்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் கத்தலுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் டாக்டர் வந்து குழந்தை பிறக்கும் முன்பே நச்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று விளக்கினார். கணவன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்தபடி கேட்டான்: “டாக்டர், மத்தியானமே வந்திருந்தா?”

“சொல்ல முடியாதுங்க.”

“காலையிலயே வந்திருந்தா?”

டாக்டர் கேஸ் ஷீட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். “அதையும் உறுதியா சொல்ல முடியாது.”

வாழ்நாளெல்லாம் முள் நிற்கக் காத்திருந்தவனுக்குக் கடைசியில் கிடைத்த எடை இதுதான். இனி அந்த முள் எந்தக் காலத்திலும் நிற்காது.

சாயங்காலம் டியூட்டிக்கு வந்த நர்ஸ், மருந்து கொடுக்கும்போது, “தலை சுத்துதாம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல சிஸ்டர். நல்லா இருக்கேன். நன்றி.”

நர்ஸின் கை நடுவழியில் நின்றது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“நேத்து காலையில ஃபோன் பண்ணது... நீங்களா?”

“ஆமா சிஸ்டர்.”

“அவ்வளவு நல்லா பேசினீங்களேம்மா.” நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “ஏம்மா அவ்வளவு நல்லா பேசினீங்க?”

நர்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. இவள் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். “பரவால்ல சிஸ்டர். பயப்படாதீங்க. மூச்ச மெதுவா இழுத்து விடுங்க” என்றாள். அந்தரத்தில் நிற்கும் லிஃப்ட்டுக்குள் அழுபவர்களுக்கு எப்போதும் சொல்வது அது. அதைத் தவிர வேறு ஆறுதல் அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தார்கள். உடம்புக்குச் சேதி போய்ச் சேரவில்லை. பால் சுரந்து கட்டிக்கொண்டு ஜுரம் அடித்தது. அத்தை துணியை நனைத்து நனைத்து ஒற்றி எடுத்தாள். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்ல இந்த உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால், அது அவளுக்குத்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. அது மட்டுமா, கத்துவதையே நிறுத்திவிட்டாள். பல்லி விழுந்தது, ஒதுங்கி நின்றாள். கரண்டி விழுந்தது, குனிந்து எடுத்தாள். மேல்வீட்டு டீச்சர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தானாகவே இறங்கி வந்து, “என்னக்கா, சத்தமே காணோம்?” என்றாள். அந்த வீட்டில் இப்போது எல்லாருமே அப்பா தூங்குகிற மாதிரி நடந்தார்கள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனாள். முதல் நாளே ஒரு பெரியவர் அழைத்தார். “அவசரம் ஒண்ணும் இல்லம்மா. லிஃப்ட் நின்னுபோச்சு. மெதுவா ஆள் வந்தாப் போதும்.” நல்ல நிதானமான குரல். அவள் நகரின் மறுகோடியில் இருந்த மெக்கானிக்கை, கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடச் சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் கூப்பிட்டான். “என்னக்கா பொறுமை, நான் போறதுக்குள்ள லிஃப்ட் தானா இறங்கிடுச்சாம். அந்தாளு வாசல்ல உக்காந்து ஆப்பிள் தின்னுக்கிட்டு இருக்காரு. நீங்களே இப்படிப் பதறினா நாங்க எங்க போறது?”

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். “பொய் அழைப்புன்னு போட்டு முடிச்சிடும்மா.”

“அவரு நிதானமா பேசினாரு சார்.”

“அதான் சொல்றேன். நிதானமா பேசினவருக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?”

அவள் அந்தக் கட்டத்தைத் தட்டவில்லை. மாலை ஷிப்ட் மாறும் வரை பெரியவரின் அழைப்பு திரையில் முடியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கி ஏறியது. விளிம்பைத் தொட்டது. வழிந்தது. நெருப்பில் விழுந்து சீறியது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அணைக்கக் கை போகவில்லை. வாயும் திறக்கவில்லை.

சமையலறை வாசலில் கைப்பையோடு நின்றவள், “அத்தை, பால்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அது இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. ஒருமுறை வந்தது நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, கத்தினாள். நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தாள். பேச முடியவில்லை.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “கத்து கண்ணு. நல்லா கத்து” என்றாள்.

மாடிப்படியில் டீச்சர் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். “யாருக்கு என்னக்கா? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?”

உள்ளே படுத்திருந்தவன் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டைப் பித்தான்கூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டான். இந்த முறை அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை, முள் நிற்கவும் காத்திருக்கவில்லை. போவதற்குத்தான் இடம் இல்லை.